பக்கத்து நாற்காலியில் யார்?

அத்தியாயம் 6

மாடிப்படி ஏறும்போதே அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார்.

“உள்ளே போனதும் நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் மானிட்டர் வாங்க வந்திருக்கேன். நீ அதைத் தூக்கிட்டு வர வந்திருக்கே.”

“தூக்கறதுக்கா? அண்ணி, நான் உங்க அசிஸ்டென்ட்.”

“அதைத்தான் வேற மாதிரி சொன்னேன்.”

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. எங்கள் துப்பறியும் நிறுவனத்துக்கு அவர்தான் முதலாளி. நான் ஊழியர் படை, அதாவது படை முழுவதுமே நான்தான். அண்ணன் வீட்டில் சமைக்கிறார். மூன்று பேரில் நிம்மதியாக இருப்பது அவர் ஒருவர்தான்.

வழக்கு நேற்றுக் காலை வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றார். துணைக்கு அவருடைய அம்மா. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து சும்மா கொஞ்ச நேரம் விளையாட வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய மானிட்டர் வேண்டும் என்று கிளம்பியவர், ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் கடைக்குப் போகிறார். வெறுங்கையோடு சிரித்த முகமாகத் திரும்புகிறார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூட யாரும் இத்தனை நாள் எடுத்துக்கொள்வதில்லை.

அதோடு போயிருந்தால் அக்கா எங்களிடம் வந்திருக்க மாட்டார். கணவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் போனில் ஒரு செய்தி வந்திருக்கிறது. ‘நேத்து நீங்க வரல. எனக்குப் பொழுதே போகல. இன்னிக்கு உங்களை விடறதா இல்ல.’ அனுப்பியவர் பெயர், ‘மோட்டார் சப்ளையர்’.

“எந்த ஊர்ல மோட்டார் சப்ளையருக்குப் பொழுது போகாம இருக்கு?” என்று அக்கா விம்மினார்.

அவர் வாய்ப்பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை. மருந்துக்கடையின் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டுவிட்டார். இன்று மாலை ஆறு மணிக்கு மேலாளர் போன் செய்வார். இவர் “வர்றேன்” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, பத்து வருடக் குடித்தனம் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். அதற்குள் உண்மை தெரிய வேண்டும்.

அக்கா உள்ளறையில் அண்ணியிடம் இதையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாக்காரர் வெளியே என் மேஜையருகில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மகள் வீட்டிலேயே இருக்கிறார். என் கம்ப்யூட்டரில் பாதியில் நின்ற பழம் உடைக்கும் விளையாட்டைப் பார்த்ததும், முகத்தைச் சுளித்தார்.

“வேலை நேரத்துல விளையாட்டா? உருப்பட்ட மாதிரிதான்.”

“எங்கம்மாவுக்கு விளையாட்டுன்னாலே ஆகாதுங்க” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “சின்ன வயசுல என் வீடியோ கேமையே சுத்தியலால உடைச்சவங்க.”

நான் மானம் போய் டீ வாங்கக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஓர் அதிசயம். மூன்று வாரமாக என் பிராணனை வாங்கிக்கொண்டிருந்த அந்த லெவல் முடிந்து, திரையில் மத்தாப்பு பறந்துகொண்டிருந்தது! மெஷினுக்கே என்மேல் இரக்கம் பிறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க, “ஒரு லெவல் முடிச்சேன் பாருங்க” என்று அண்ணியின் காதைத் துளைத்தேன். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போகும்போது அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். “வேணாம்மா. மாப்பிள்ளை தங்கமானவர். அவர் பாட்டுக்கு இருக்கட்டும், விட்டுடு.”

மாமியார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் படியேறிப் போன கம்ப்யூட்டர் கடை முதல் மாடி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. சுவரோரமாக வரிசையாக மானிட்டர்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. விற்பனையாளர் ஒல்லியாக, கழுத்தில் அளவுநாடாவைத் தொங்கவிட்டபடி வந்தார். அந்த வட்டாரத்தில் அவருக்கு ‘இஞ்சு’ என்றே பெயர். எதைக் கேட்டாலும் இஞ்சில்தான் பதில் வரும்.

“சொல்லுங்கம்மா. எத்தனை இஞ்சு?”

“சும்மா பொழுதுபோக்கா விளையாடறதுக்குப் பெரிசா ஒண்ணு” என்றார் அண்ணி. “எங்களுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இங்கதான் பார்த்துட்டிருக்கேன்னு சொன்னார். லிஃப்ட் மெக்கானிக். அவருக்குக் காட்டினதையே எங்களுக்கும் காட்டுங்க, போதும்.”

இஞ்சுவின் முகம் சுருங்கியது.

“அவரா? ஐயோ அம்மா, அவர் என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறார். எதைக் காட்டினாலும் ஒரு நொட்டை சொல்றார்.”

“என்ன நொட்டைன்னு அதையும் சொல்லுங்க. எங்களுக்கும் உதவும்.”

அவர் முதலில் காட்டியது வில்லாக வளைந்த ஒரு ராட்சச மானிட்டர். “முப்பத்தி நாலு இஞ்சு. நடுவுல உட்கார்ந்தீங்கன்னா உங்களைச் சுத்தி உலகமே விளையாட்டாயிடும். எல்லாரும் இதுக்குத்தான் ஓடி வர்றாங்க. இவர் பார்த்த உடனே வேணாம்னுட்டார். நடுவுல உட்கார்றவனுக்குத்தான் இது சுகம், பக்கத்துல உட்கார்ந்தா ஒரு ஓரம் முகத்தைத் திருப்பிக்குதுன்னு சொல்றார்.”

நான் அண்ணியின் காதில் கிசுகிசுத்தேன். “பக்கத்துல! மாட்டினான் பாருங்க. தனியா விளையாடறவனுக்குப் பக்கத்து ஆளைப் பத்தி என்ன கவலை? ஆள் இருக்கு அண்ணி.”

“இருக்கு” என்றார் அண்ணி. “அடுத்தது?”

அடுத்தது தட்டையானது. விலை மலிவு, வேகம் அதிகம். “சும்மா விளையாடறவங்களுக்கு இவ்வளவு வேகம் தேவையே இல்லைங்க. ஆனாலும் பெருமைக்கு வாங்குவாங்க. இவர் வேகத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல. எழுந்து அந்தக் கோடிக்குப் போய் நின்னு பார்த்தார். அங்கேருந்து பார்த்தா நிறமெல்லாம் வெளுத்துத் தெரியுது, ஆரஞ்சு எது, எலுமிச்சை எதுன்னு சண்டை வரும்னார்.”

“சண்டையா, யார்கூடவாம்?” என்றேன் நான். அண்ணி என் காலை மிதித்தார்.

மூன்றாவது முப்பத்திரண்டு இஞ்சு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. திரை பெரிதானால் புள்ளிகளும் கூட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். இதில் அந்தக் குறையும் இல்லை என்று இஞ்சு அடித்துச் சொன்னார். “ஆனா ஸ்டாண்டு இறங்காது. இவர் இன்னும் கீழே வேணும்ங்கறார். எவ்வளவு கீழே? கிட்டத்தட்ட மேஜையிலேயே படுக்கணுமாம்! ஆறடி ஆளுங்க அவர். அவருக்கு எதுக்குங்க அவ்வளவு கீழே?”

“பொண்ணு குள்ளம்” என்று மறுபடி கிசுகிசுத்தேன்.

நான்காவதன் ஸ்டாண்டு நன்றாகவே இறங்கியது. ஆனால் திரை கண்ணாடி போலப் பளபளத்தது. டியூப் லைட் அதில் அப்படியே தெரிகிறது, கண் கூசுகிறது என்று அதையும் தள்ளிவிட்டாராம்.

“குள்ளம். கூச்சம் வேற. பணக்கார வீட்டுப் பொண்ணு” என்று முடிவாகச் சொன்னேன். “கேஸ் முடிஞ்சுது, வாங்க போலாம்.”

அண்ணி காதில் வாங்கவே இல்லை. அவர் மானிட்டர்களையும் பார்க்கவில்லை. நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு இஞ்சுக்கு முன்னால் மட்டும் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்று சாதாரணமாக இருந்தது. இன்னொன்றில் முதுகுக்குக் குஷன் வைத்து, கீழே கால் வைக்க ஓர் அட்டைப்பெட்டியும் போட்டிருந்தார்கள்.

அண்ணி அந்தக் குஷன் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து தன் கணக்குப் பார்க்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை என்று இரண்டாகப் பிரிந்த கண்ணாடி. திரையைப் பார்த்தார். அவருடைய மோவாய் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுவதைப் போல ஆகிவிட்டது.

“பார்த்தியா?” என்றார் அதே நிலையில்.

“பார்த்தேன். கேவலமா இருக்கு.”

“கிட்டப் பார்வைக் கண்ணாடி கீழ்ப் பாதியில இருக்கு. மானிட்டர் உயரமா இருந்தா இப்படித் தலையைத் தூக்கித்தான் பார்க்கணும். கொஞ்ச நேரத்துல கழுத்து போயிடும். அதான் கீழே இறக்கச் சொல்றார். இந்த மாதிரிக் கண்ணாடியில வெளிச்சம் பட்டா கூசும். அதான் பளபளப்பு வேணாம்ங்கறார். கொழுந்தனாரே, உன் குள்ளமான பணக்காரப் பொண்ணுக்கு வயசு அறுபது.”

என் கற்பனையில் இருந்த பெண் ஒரே நொடியில் கிழவியாகிப் போனாள். எனக்கு மனசே ஆறவில்லை.

“அறுபது வயசுப் பொம்பளையோட அவர் ஏன்…”

“பொம்பளைன்னு நான் சொல்லல. ஆனா நீ சொன்னது சரி” என்றார் அண்ணி, போனில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டு. “நம்ம மருந்துக்கடை அக்காவை வரச் சொல்லிட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க.”

“இங்கேயா? ஐயோ அண்ணி, கொலை விழும்! எல்லாம் கண்ணாடிச் சாமான் வேற.”

“விழாது. பேசாம அந்தப் பிரிண்டர் பெட்டிக்குப் பின்னாடி வா.”

பிரிண்டர் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நாங்கள் பதுங்கிய சற்று நேரத்தில் அக்காவும் வந்து சேர்ந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். கையில் போன். மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது.

“யாருங்க அவ? பார்த்துட்டீங்களா? சொல்லுங்க, நான் எதையும் தாங்கிக்குவேன்.”

“நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே பாருங்க” என்றார் அண்ணி.

லிஃப்ட் மெக்கானிக் தோளில் கருவிப் பையோடு வந்தார். கையெல்லாம் கிரீஸ். பையைக் கீழே வைத்துவிட்டு, குஷனை ஒரு தடவை தட்டிச் சரிசெய்தார். அட்டைப்பெட்டியைக் காலுக்கு வாகாக நகர்த்தினார். அந்தக் கவனிப்பைப் பார்த்ததும் அக்காவுக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

“எனக்கு ஒரு நாள்… ஒரு நாள் ஒரு தலையணை எடுத்துப் போட்டிருப்பாரா இந்த மனுஷன்?”

படியில் காலடி கேட்டது. பெட்டிகளின் இடுக்கு வழியே முதலில் தெரிந்தது ஒரு ஜோடி ஷூ. நீல நிறம், வெள்ளைக் கோடு. அக்கா மூச்சை இழுத்தார்.

“அந்த ஷூ நான் வாங்கினது!”

“அடப்பாவி, உங்க ஷூவையே எடுத்து அவளுக்குக் குடுத்திருக்காரா!” என்று பல்லைக் கடித்தேன்.

“வாயை மூடு” என்றார் அண்ணி.

ஷூவுக்கு மேலே பருத்திச் சேலை வந்தது. அதற்கு மேலே, மடித்துக் கட்டிய நரைத்த கொண்டை. அந்த உருவம் குஷன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, மோவாயை உயர்த்தியது.

“வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க. நேத்து என் எலுமிச்சம்பழத்தையெல்லாம் திருட்டுத்தனமா உடைச்சீங்க இல்ல? இன்னிக்கு இருக்கு உங்களுக்கு.”

“நான் உடைச்சது ஆரஞ்சு அத்தை.”

“பொய் சொன்னா முட்டி போட வெச்சிடுவேன்.”

நான் பெட்டியில் சாய்ந்துவிட்டேன். மேலேயிருந்த பிரிண்டர் ஒன்று ஆடியது, அண்ணி அதை ஒரு கையால் பிடித்து நிறுத்தினார். அக்கா நேராக நடந்து போய் இருவருக்கும் முன்னால் நின்றார்.

“அம்மா.”

மெக்கானிக் துள்ளி எழுந்தார். தலைமையாசிரியை எழவில்லை. பாவம், எழ முயன்றார். ஆனால் விரல் இன்னும் மவுஸை விடவில்லை.

“வாக்கிங் போறேன்னியே” என்றார் அக்கா.

“நடந்துதான் வந்தேன்.”

“மோட்டார் சப்ளையர்?”

“அது மாப்பிள்ளை வெச்ச பேரு. எனக்குச் சம்பந்தம் இல்ல.”

மெக்கானிக் கைகளைப் பிசைந்தார். “அத்தை முதல் நாள் என்னைத் திட்டத்தான் வந்தாங்க. காசைக் கரியாக்கறீங்களான்னு கத்திட்டு, கால் வலிக்குதுன்னு உட்கார்ந்தாங்க. சும்மா ஒரு ஆட்டம் பாருங்கன்னேன். அவ்வளவுதான், அன்னிக்குக் கடை மூடற வரைக்கும் எழுந்திருக்கல. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்டயும், யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு கடைக்காரர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க.”

“ஏன் சொல்லக் கூடாது?”

மெக்கானிக் அத்தையைப் பார்த்தார். இஞ்சு அளவுநாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டார்.

“ஏன்னு நான் சொல்றேன்” என்றார் அக்கா. கோபம் அழுகையாக மாறிக்கொண்டிருந்தது. “ஏழாங்கிளாஸ்ல என் கையிலிருந்து அந்த மஞ்சள் வீடியோ கேமைப் பிடுங்கினே. சுத்தியலால உடைச்சுக் குப்பையில போட்டேன்னு சொன்னே. நான் சோறு தண்ணி இல்லாம அழுதேன். முதல் ரேங்க் வாங்கினா வேற வாங்கித் தர்றேன்னே. வாங்கினேன். தரல. ஒரு தடவை… ஒரே ஒரு தடவை நல்லா பண்ணினேன்னு சொல்லியிருக்கியா? இப்ப இவர்கூட உட்கார்ந்து எலுமிச்சம்பழம் உடைக்கறே!”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

“உடைக்கல” என்றார்.

“என்ன உடைக்கல?”

“அந்த வீடியோ கேம். உடைக்கறதுக்கு முன்னாடி, அப்படி இதுல என்னதான் இருக்குன்னு ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்தேன்.” கண்ணாடியைச் சேலை முனையால் துடைத்தார். “அப்புறம் உடைக்க மனசு வரல.”

“அப்போ அது…”

அவர் வாக்கிங் பைக்குள் கையை விட்டார். தண்ணீர் பாட்டில், வலித் தைலம், கைக்குட்டை எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் துணியில் சுற்றிய மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளங்கை அளவு. பொத்தான்களெல்லாம் தேய்ந்து வழவழவென்றிருந்தன.

“பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன்” என்றார் தலைமையாசிரியை, ஏதோ அது ஒரு நற்சான்றிதழ் மாதிரி.

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. பின்னே என்ன, ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சிம்ம சொப்பனமாக இருந்த தலைமையாசிரியை, இருபத்தைந்து வருடமாகக் கொள்ளையடித்த பொருளைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்!

அக்கா சிரிக்கவில்லை. அதைக் கையில் வாங்கினார். அவருடைய கட்டைவிரல் தானாகவே போய்ப் பொத்தானில் உட்கார்ந்தது. பிறகு அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், சிவப்பு மையில், அழகான கையெழுத்தில் ஓர் எண் இருந்தது.

“இது…”

“உன் ஸ்கோர். பேட்டரியைக் கழட்டினா உள்ளே இருக்கறது அழிஞ்சுபோயிடுதும்மா. அழிய விட மனசில்ல, அதான் எழுதி வெச்சேன். நானும் எத்தனையோ தடவை ஆடிப் பார்த்துட்டேன். அதை இன்னும் தாண்ட முடியல.”

நான் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வந்து எட்டிப் பார்த்தேன். எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில், பரீட்சைத் தாளில் எழுதுவது போல ஒரே ஒரு வார்த்தை. ‘நன்று.’

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, கால் வைக்கும் அட்டைப்பெட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தலைமையாசிரியை குனிந்து மகளின் தலையைத் தடவினார். மெக்கானிக் பக்கத்தில் வந்து, தலையில் கை வைக்கப் போய், கிரீஸைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. மணி ஆறு.

எல்லாரும் அந்தப் போனையே பார்த்தோம். அக்கா மூக்கை உறிஞ்சினார், எடுத்தார்.

“சார், சொல்லுங்க… இல்ல சார். வரல. மாற்றல் வேணாம்.” மேலாளர் காரணம் கேட்டிருக்க வேண்டும். அக்கா அம்மாவை ஒரு முறை முறைத்தார். “வீட்டுல ஒரு பழைய பாக்கி இருக்கு சார். உட்கார்ந்து வசூல் பண்ணணும்.”

போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். “நகருங்க. நான் நடுவுல உட்காரணும்.”

இஞ்சு ஓடிப்போய் மூன்றாவது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் தெரிந்தது.

இதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணி, மோவாய், கண்ணாடி எல்லாம் சரி. அறுபது வயசுக்காரங்க ஊர்ல ஆயிரம் பேர். இவங்கதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நீதான் சொன்னே.”

“நானா?”

“மூணு வாரமா உன்னால முடிக்க முடியாத லெவல், நீ டீ வாங்கப் போன நேரத்துல முடிஞ்சிருக்கு. அந்த அறையில இருந்தது யாரு? நீ அதுக்கப்புறமும் நாள் பூரா நான் முடிச்சேன், நான் முடிச்சேன்னே. அப்பவே எனக்குப் பாதி தெரிஞ்சுபோச்சு. மீதியைத்தான் இங்க வந்து சரிபார்த்தேன்.”

என் முகம் போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. தலைமையாசிரியை நாற்காலியில் இருந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, நீங்க மேலேருந்து உடைக்கறீங்க. கீழேருந்து உடைக்கணும். எத்தனை தடவைதான் சொல்றது?”

அவர் இதற்கு முன்னால் ஒரு தடவையும் சொன்னதில்லை. இருந்தாலும் நான் கையைக் கட்டிக்கொண்டு, “சரிங்க டீச்சர்” என்றேன்.

இஞ்சு அளவுநாடாவை விரித்தார். “மூணு பேர்னா இது பத்தாதும்மா. நாற்பத்தி ரெண்டு இஞ்சுல ஒண்ணு உள்ளே இருக்கு. சொல்லுங்க, வளைஞ்சதா, தட்டையா?”

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். இடது பக்கம் அம்மா. வலது பக்கம் கணவர்.

“தட்டை” என்றார். “ஓரத்துல உட்கார்றவங்களுக்கும் நல்லா தெரியணும்.”

அண்ணி என் தோளைத் தட்டினார். “என்ன நின்னுட்டிருக்கே? போய்ப் பெட்டியைத் தூக்கு.”